மறையூர் மலைமருந்தும் பட்டியல் ஆய்வும்: நாட்டார் மருத்துவப் பதிவுமுறை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல் தமிழ்த்துறைகளில் வேரூன்றிய நாள்முதல் நாட்டார் மருத்துவம் ஆய்வாளர் பலரும் விரும்பி மேற்கொள்ளும் பொருளாக இருந்து வருகின்றது. ஒரு வட்டாரத்தையோ ஓர் இனக்குழுவையோ தெரிவு செய்து, அங்கு வழங்கும் மூலிகைகளைத் திரட்டி, நோய்வாரியாக அடுக்கி, சித்த மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டு, தாவரவியல் பெயரிட்டு நிறைவு செய்வது இவ்வகை ஆய்வுகளின் பொதுவான அமைப்பாகும். திரட்டுதலில் காட்டப்படும் உழைப்பு போற்றுதற்குரியது. ஆயினும், திரட்டப்பட்ட அறிவு யாருடையது, அது எவ்வடிவில் எழுதப்படுகின்றது, எழுதப்பட்ட பின் அதற்கு என்ன நேர்கின்றது என்னும் வினாக்கள் இவ்வாய்வுகளில் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பகுதியைக் களமாகக் கொண்டு, இப்பதிவுமுறையின் வலிமையையும் குறையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மறையூரின் மூலிகைகளைப் பட்டியலிடுவது இதன் நோக்கமன்று.

நிலமும் மக்களும்

மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், தேவிகுளம் வட்டத்தில் அமைந்துள்ளது மறையூர். கேரளத்தின் ஆறுகள் பெரும்பாலும் மேற்கு நோக்கிப் பாய, இப்பகுதியின் பாம்பாறு கிழக்கே பாய்ந்து அமராவதியில் கலக்கின்றது. மூணாற்றில் கொட்டும் பருவமழை மலைமுகட்டைக் கடந்து இங்கு வருவதற்குள் பெரிதும் குறைந்துவிடும். ஆதலின் சில கல் தொலைவிற்குள்ளேயே ஈரமான சோலைக்காடு, புல்வெளி, சந்தனக்காடு, முட்புதர்க்காடு எனப் பல்வகை நிலங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1984ஆம் ஆண்டு காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட சின்னாறு இதன் கீழ்ச்சரிவில் உள்ளது. ஒரே குடியைச் சார்ந்தவர் ஒரு நாள் நடையில் குளிர்நிலச் செடியையும் வறண்டநிலச் செடியையும் பறித்துவர இயலும் என்பது இந்நிலத்தின் தனித்தன்மையாகும்.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஊர்கள் சேர்ந்து அஞ்சுநாடு என வழங்கப்படுகின்றன. இவ்வூர்களில் வாழும் வேளாண்குடியினர் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தோர் என்பர். மலைக்குடிகளில் வாழும் முதுவரும் தாம் மதுரையிலிருந்து தெய்வத் திருமேனியை முதுகில் சுமந்து மலையேறியதாகக் கூறித் தம் பெயருக்கு விளக்கம் தருவர். இவர்களோடு மலைப்புலையரும் இப்பகுதியில் வாழ்கின்றனர். முதுவர் பேச்சு தமிழோடு மிக நெருங்கியது. அதற்கெனத் தனி எழுத்து இல்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் சேர்ந்தது. அதன்பின் இம்மக்களைப் பற்றிய ஆட்சிப் பதிவுகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தன. பேசுவது தமிழ் சார்ந்த வழக்கு, பதிவாவது வேறு மொழி என்னும் இந்நிலையே மறையூரின் மூலிகை அறிவை ஆராய்வோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

எல்லைக்கோடு மொழியை மட்டும் பிரிக்கவில்லை. கேரளத்தில் மலைப்புலையர் பட்டியல் பழங்குடியினர். தமிழகத்திலோ புலையர் என்னும் பெயர் பட்டியல் சாதியில் இடம்பெற்றுள்ளது. உடுமலை மலைப்பகுதியிலும் மறையூர் மலைப்பகுதியிலும் ஒரே செடியை அறிந்த இரு குடும்பங்கள் சட்டத்தின் முன் இருவேறு தகுதியுடையனவாகின்றன. இவ்வேறுபாடு அறிவுரிமை பற்றிய வினாவில் எத்துணை முதன்மை பெறும் என்பது பின்னர் விளக்கப்பெறும்.

பட்டியல் மரபு

பட்டியலிடுதல் தமிழுக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறுவதைத் தமிழுலகம் நன்கறியும். தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பகுத்து, அவற்றின் உறுப்புப் பெயர்களையும் வேறுவேறாக வரையறுக்கின்றது. நிகண்டுகள் மரப்பெயர்த் தொகுதியைத் தனிப்பகுதியாகவே அமைத்தன. சித்த மருத்துவத்தில் குணபாட நூல்கள் ஒவ்வொரு பொருளின் சுவை, வீரியம், செய்கை ஆகியவற்றை முறைப்படத் தொகுத்தன. இம்மரபின் தொடர்ச்சியாகவே பி.எல். சாமி 1967இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ போன்ற ஆய்வுகளும் எழுந்தன. பழம்பெயருக்கு உரிய செடியைக் கண்டறிந்து தாவரவியல் பெயரோடு இணைத்த இவர்தம் பணி தமிழாய்வுக்கு நிலைத்த பயன் தந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சங்க இலக்கியச் செடியை அடையாளம் காட்டுபவர் நூலிலுள்ள பெயரை ஆராய்கின்றார். அப்பெயரைச் சொன்ன புலவர் இன்று இல்லை. அவரிடம் இசைவு கேட்க வேண்டுவதில்லை. அடையாளம் பிழைபட்டாலும் அதனால் எவருடைய வாழ்வும் கெடுவதில்லை. மறையூர்க் குடியில் ஒரு மூதாட்டி சொல்லும் செடிப்பெயரோ உயிருள்ள ஒருவரின் உடைமை. அவர் அதைத் தம் பெயர்த்திக்குச் சொல்லலாம். அயலாருக்குச் சொல்லாதும் விடலாம். நூலாய்வுக்கு உரிய முறையை மாற்றமின்றி வாழும் மக்கள்மீது ஏற்றியதே நாட்டார் மருத்துவ ஆய்வின் அடிப்படைக் குறையாகும்.

மலபார்த் தோட்டமும் அதன் சான்றும்

இக்குறை எழுத்துமுறைக்கே இயல்பானதன்று என்பதற்கு ஒரு பழைய நூல் சான்றாக அமைகின்றது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரு தொகுதிகளாக வெளிவந்தது. 742 செடிகளை விளக்கும் இந்நூல் வணிகத்திற்கும் ஆட்சிக்கும் துணையாக எழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் செய்தி தந்தோர் இன்னார் என்பதை அது மறைக்கவில்லை. ஈழவ மருத்துவரான இட்டி அச்சுதன் 1675ஆம் ஆண்டு தம் கையால் கோலெழுத்தில் எழுதிய சான்றுரை, அவருடைய குடும்பமும் ஊரும் விளங்க, முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய மூவரின் சான்றுரையும் அவர்தம் எழுத்திலேயே இடம்பெற்றது. செடிகளின் மலையாளப் பெயர்களும் நாட்டு எழுத்தில் பொறிக்கப்பட்டன. பிற்காலத் தாவரவியலார் வசளையைப் ‘பசெல்லா’ என்றும் ஏலத்தரியை ‘எலெட்டாரியா’ என்றும் அறிவியற் பெயராக ஏற்றமைக்கு இப்பதிவே வழிகோலியது.

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்பதிவிலும் குறையுண்டு. காட்டுள் சென்று கொடியறுத்தும் மரமேறியும் செடிகளைக் கொணர்ந்த எளிய மக்களின் பெயர் அதில் இல்லை. மருத்துவருக்குக் கிடைத்த மதிப்பு காட்டை அறிந்தவருக்குக் கிடைக்கவில்லை. எனினும், செய்தி தந்தவரைச் சான்றாளர் என்னும் நிலையில் நூலின் முகப்பில் நிறுத்திய அந்நெறியை இன்றைய ஆய்வேடுகளோடு ஒப்பிடின் வேறுபாடு புலனாகும். இன்று அவர் ‘தகவலாளி’ எனப் பெயர்பெற்று, வயது, பால், தொழில் என்னும் கட்டங்களுக்குள் பின்னிணைப்பில் அமர்கின்றார். எந்தச் செய்தியை எவர் சொன்னார் என்பதும் பல வேளைகளில் விளங்குவதில்லை. இருபது பேர் கூறியது ஒரே பட்டியலாகி, பட்டியல் ஆய்வாளரின் பெயரால் வழங்குகின்றது.

பட்டியல் விட்டுவிடுவன

நோய், மூலிகை, பயன்படும் உறுப்பு, செய்முறை என்னும் நான்கு கட்டங்களில் ஒரு மருந்தறிவு முழுமையும் அடங்கிவிடும் என்னும் எண்ணமே பட்டியலுக்கு அடிப்படை. மலைக்குடியினரின் மருந்தறிவோ எப்பருவத்தில் பறிப்பது, எந்நிலத்துச் செடியைக் கொள்வது, எவர் பறிப்பது, எதனை உண்ணாது விலக்குவது, எப்பொழுது மருந்தை நிறுத்துவது என்பவற்றையும் தன்னுள் கொண்டது. இவற்றுள் சடங்கு போலத் தோன்றும் கட்டுப்பாடுகளை ‘நம்பிக்கைகள்’ என்னும் வேறொரு இயலுக்கு அனுப்பிவிடும் ஆய்வாளர், மருந்தையும் அதன் காப்பையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுகின்றார்.

செங்காந்தளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என வழங்கும் அதன் கிழங்கு கொல்லும் நஞ்சாகும். சித்த மருத்துவம் அதனை உரிய முறையில் சுத்தி செய்த பின்னரே கொள்ளுகின்றது. அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கொல்கிசின் என்னும் பொருள் மூட்டுவாத மருந்தாக உலகெங்கும் பயன்படுகின்றது. அளவு சிறிது மிகினும் உயிரைப் பறிக்கும். இத்தகைய கிழங்கைப் ‘பயன்படும் உறுப்பு: கிழங்கு, செய்முறை: அரைத்துப் பூசுதல்’ என ஒரு வரியில் எழுதி முடித்தால், சுத்தி முறையும் அளவும் விலக்கும் அறியாத ஒருவர் கையில் அப்பட்டியல் தீங்காக முடியும். சொன்னவர் அறிந்திருந்த எச்சரிக்கை எழுதியவர் கட்டத்துள் அடங்காமல் போயிற்று என்பதே இதன் பொருள்.

மருந்தின் பெயரை வெளியாருக்குச் சொல்லின் அதன் வலிமை குன்றும் என்னும் கருத்து மலைவாழ் மக்கள் பலரிடையே காணப்படுகின்றது. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குதல் பொருந்தாது. சித்தர் நூல்களின் பரிபாடைச் சொற்களும் இதே நோக்கில் எழுந்தவை; உரியவருக்கு அன்றிப் பிறருக்கு விளங்காதவாறு பொருளை மறைத்தன. எழுத்தில் அமைந்த மறைபொருளை ‘குழூஉக்குறி’ எனப் போற்றி அகராதி தொகுக்கும் ஆய்வுலகம், வாய்மொழியில் அமைந்த மறைப்பை மட்டும் ‘தயக்கம்’ என்றும் ‘அறியாமை’ என்றும் எழுதுவது முரணாகும். அறிவைக் காத்துக்கொள்ளும் இருவேறு வழிகளே இவை.

பெயர் மாறும் வழி

மறையூர்ச் செடி ஒன்று ஆய்வேட்டை அடைவதற்குள் அதன் பெயர் பல படிகளைக் கடக்கின்றது. குடியில் வழங்கும் முதுவர் பெயர் முதற்படி. அதனை அஞ்சுநாட்டுத் தமிழரோ மலையாளம் அறிந்த வழிகாட்டியோ தம் மொழியில் சொல்வது இரண்டாம் படி. மலையாளப் பெயரிலிருந்து ஆயுர்வேத வடசொல்லுக்குச் செல்வது மூன்றாம் படி. அங்கிருந்து தாவரவியல் பெயரை அடைவது நான்காம் படி. ஒவ்வொரு படியிலும் பிழை நேர இடமுண்டு.

இவ்வாறு நேரும் பிழைக்குச் சங்கபுஷ்பி தக்க சான்றாகும். கேரள மருத்துவர் இப்பெயரால் குறிப்பது தமிழில் சங்குப்பூ, காக்கணம் என வழங்கும் கொடியை. அதாவது ‘கிளைட்டோரியா டெர்னேட்டியா’வை. வடநாட்டில் இதே பெயர் ‘கன்வால்வுலஸ்’ இனச் செடியையும், தமிழில் விஷ்ணுகிரந்தி எனப்படும் ‘எவால்வுலஸ் அல்சினாய்டிஸ்’ செடியையும் குறிக்கின்றது. ராஸ்னா என்னும் பெயர் கேரளத்தில் அரத்தை இனத்தைச் சுட்ட, வடநாட்டில் ‘புளூச்சியா’ என்னும் வேறொரு செடியைச் சுட்டுகின்றது. பிரமி என்னும் பெயரும் நீர்ப்பிரமிக்கும் வல்லாரைக்கும் இடையே ஊசலாடுகின்றது. களத்தில் செடியைக் காணாமல், ஆய்வறையில் அகராதியைக் கொண்டு பெயரிடும் ஆய்வாளர் ஒரு செடியின் பண்பை இன்னொரு செடிக்கு ஏற்றிவிடும் வாய்ப்பு மிகுதி. உலர்த்திய செடிமாதிரியைத் தக்க உலர்தாவரகத்தில் வைத்து எண் பெறாத எந்தத் தாவரவியல் பெயரும் ஆய்வுச் சான்றாகாது என்பதைத் தமிழ்த்துறைகள் இன்னும் உறுதியாக வலியுறுத்த வேண்டும்.

இழப்பு செடி அடையாளத்தோடு முடிவதில்லை. முதுவர் ஒரு செடியை எதனோடு சேர்த்து எண்ணினர், எதிலிருந்து பிரித்தனர் என்னும் பகுப்பு அவர்தம் பெயரிலேயே அடங்கியிருக்கும். நிகண்டுப் பெயரை ஏற்றியதும் அப்பகுப்பு மறைகின்றது. தொல்காப்பியரின் புல், மரம் என்னும் பகுப்பை அறிவாகக் கொண்டாடும் தமிழாய்வு, மலைக்குடியின் பகுப்பையும் அதே கண்ணோடு காண்பதன்றோ முறை?

எழுத்து காக்கும் இடம்

எழுதாமலே விட்டுவிடலாம் என்று கூறிவிடவும் இயலாது. மஞ்சளைப் புண்ணாற்றும் மருந்தாகப் பயன்படுத்துதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் சான்று காட்டி வாதிட்டமையால் 1997இல் அது நீக்கப்பட்டது. வேம்பிலிருந்து பூஞ்சைக்கொல்லி எடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் வழங்கிய உரிமை 2000இல் நீக்கப்பட்டு, மேல்முறையீடும் 2005இல் தள்ளப்பட்டது. வேறு நாட்டு மக்கள் ஒன்றை வாய்மொழியாக அறிந்து பயன்படுத்தினர் என்பதை முன்னறிவாக ஏற்க அமெரிக்கச் சட்டம் அக்காலத்தில் இடந்தரவில்லை. 2011இல் இயற்றப்பட்ட திருத்தமே அந்நிலையை மாற்றியது. ஆகவே மஞ்சள் வழக்கில் வென்றது பாட்டியின் கைமருந்து அன்று. அதனை எழுதிவைத்த ஏடே வென்றது.

இப்பட்டறிவின் பயனாகவே 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டு, ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழ்ச் சித்த நூல்களின் செய்முறைகளும் ஐந்து அயல்மொழிகளில் பெயர்க்கப்பட்டன. மரபறிவைக் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பாகக் கொள்ளலாகாது என்னும் விதியும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. இவை எழுத்தால் விளைந்த நன்மைகள். ஆயின் இந்நன்மை பிறர் கவர்வதைத் தடுப்பதாக மட்டுமே அமைந்தது. அறிவுடையோருக்குப் பங்கு தருவதாக அமையவில்லை. எவருக்கும் உரிமை இல்லை என நிறுவுவதும், இன்னாருக்கு உரிமை உண்டு என நிறுவுவதும் வேறுவேறு.

காணிக்காரர் தரும் பாடம்

இவ்வேறுபாட்டை விளக்கப் பொதிகைமலைக் காணிக்காரரின் வரலாறு துணைபுரிகின்றது. 1987ஆம் ஆண்டு அகத்தியமலைக் காட்டில் ஆய்வு மேற்கொண்ட குழுவினர், உடன்வந்த காணிக்காரர் ஒரு சிறுசெடியின் காயை உண்டு களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். ‘டிரைக்கோப்பஸ் சைலானிக்கஸ்’ என்னும் அச்செடி ஆரோக்கியப்பச்சை எனப் பெயர் பெற்றது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்திற்கும் இரண்டு விழுக்காடு விற்பனைப் பங்கிற்கும் வழங்கியது. இவ்வருவாயில் பாதியைக் காணிக்காரருக்கு அளிக்க முடிவு செய்யப்பட்டு, 1997இல் அவர்களுக்கென நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பயன்பகிர்வுக்கு உலகளவில் முன்னோடியாக இம்முயற்சி பேசப்பட்டது. அப்புகழுக்கு அது தகுதியுடையதே.

எனினும் உள்நோக்கின் சில வினாக்கள் எழுகின்றன. காணிக்காரர் உண்டது காயை, மருந்தானது இலையிலிருந்து. காணிக்குடியின் மருத்துவரான பிலாத்திகளுள் சிலர், மருந்தறிவு தம் பொறுப்பில் உள்ளதென்றும் அதனைப் பிறர் வெளிப்படுத்தியது முறையன்றென்றும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தமிழகப் பக்கத்துத் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் வாழும் காணிக்காரர் அவ்வேற்பாட்டுக்குள் வரவில்லை. இலை பறிப்பதற்கு வனத்துறையின் தடையும் குறுக்கிட்டது. ஒரு குழுவின் ‘பொது அறிவு’ என ஆய்வாளர் எழுதுவது அக்குழுவிற்குள்ளேயே சிலரின் பொறுப்பாக இருக்கலாம் என்பதும், மாநில எல்லை அறிவின் எல்லை ஆகாது என்பதும் இவ்வரலாறு தரும் பாடங்கள். எல்லையில் அமைந்த மறையூருக்கு இவ்விரண்டும் அப்படியே பொருந்தும்.

ஒப்பீட்டின் விளைவு

நாட்டார் மருத்துவ ஆய்வேடுகளின் மணிமுடியாகக் கருதப்படுவது ஒப்பீட்டு இயல். மலைக்குடியினர் கூறிய மருந்து இன்ன சித்த நூலில் இவ்வாறு காணப்படுகின்றது எனக் காட்டி, அம்மக்களின் அறிவு ‘உறுதிப்படுவதாக’ ஆய்வாளர் முடிப்பர். மலைமக்களை உயர்த்துவதாகவே இதனை அவர் எண்ணுகின்றார். அவ்வெண்ணத்தின் தூய்மையில் ஐயமில்லை. விளைவையே ஆராய வேண்டும்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், உயிர்வளத்தையும் அதுசார்ந்த அறிவையும் வணிகத்திற்குக் கொள்வோர் அவற்றைக் காத்துவந்த மக்களோடு பயனைப் பகிர வேண்டும் என்னும் நெறியை வகுத்தது. இந்திய நிறுவனங்களுக்கும் இக்கடமை உண்டென உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்நெறியில் ஒரு விலக்கைப் புகுத்தியது. ‘தொகுக்கப்பட்ட மரபறிவு’ என்னும் வகை பயன்பகிர்வுக் கடமையிலிருந்து நீக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற நூல்களிலிருந்து பெறப்படும் அறிவே இவ்வகையில் அடங்கும். போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் 1500 முதலிய சித்த நூல்கள் அவ்வட்டவணையில் உள்ளன. சாகுபடி செய்யப்படும் மூலிகைகளுக்கும் விலக்கு உண்டு.

இதனைத் தமிழாய்வின் ஒப்பீட்டு முறையோடு வைத்துக் காணவேண்டும். மறையூர் முதுவர் ஒருவரின் வாய்மொழி மருந்தை அட்டவணை நூலொன்றின் பாடலோடு ‘ஒன்றே’ என ஓர் ஆய்வேடு நிறுவுமாயின், அவ்வறிவு முதுவருடையது என்னும் நிலையிலிருந்து நூலுடையது என்னும் நிலைக்குச் செல்ல அது சான்றாகப் பயன்படக்கூடும். நூலுடையது என்றானபின் பங்கு கேட்க ஒருவரும் இல்லை. இலக்கிய ஒப்பீடாகத் தொடங்கியது உரிமை இழப்பிற்கு ஆவணமாக முடியலாம். முன்பு கவனமின்மையாக இருந்த ‘ஒன்றே’ என்னும் முடிபு இன்று பொறுப்புமிக்க கூற்றாக மாறிவிட்டது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். நெல்லி, கடுக்காய், தான்றி முதலியவற்றின் பயன் மலையிலும் சமவெளியிலும் ஒருங்கே அறியப்பட்டது. மதுரைத் தொடர்பை முதுவரே கூறுகின்றனர். அவ்வாறிருக்க, பொதுவான அறிவை ஒரு குடியின் உடைமையாக எழுதுவது உண்மைக்கு மாறன்றோ என்பர். இவ்வாதம் வலிமையுடையது, பொதுவானதைத் தனியுடைமை எனத் திரிப்பதும் ஆய்வு நெறியன்று. ஆயின், செடி பொதுவாக இருப்பதால் அறிவும் முழுமையாகப் பொதுவாகிவிடாது. ஒரே செடியின் வேறு உறுப்பு, வேறு பருவம், வேறு கூட்டுப்பொருள், வேறு நோய்நிலை என்பவற்றில் மலைக்குடியின் தனியறிவு தங்கியிருக்கக்கூடும். காணிக்காரர் காயை உண்டதும் நிறுவனம் இலையைக் கொண்டதும் அத்தகைய வேறுபாடே. ஒற்றுமையைத் தேடிச்செல்லும் ஒப்பீடு இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்தாது விடுகின்றது. வேறுபாட்டையும் அதே அளவு நுணுக்கமாக எழுதும் ஒப்பீடே உண்மைக்கும் உரிமைக்கும் ஒருங்கே துணையாகும்.

மறையூரில் நிற்கும் வினா

மறையூர் வெல்லத்திற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தளூர் வட்டவடைப் பூண்டும் பின்னர் அத்தகுதியைப் பெற்றது. விளைபொருளின் பெயரை ஊரோடு பிணைத்துக் காக்கும் வழி உழவருக்கு உண்டு. மலைக்குடியினர் காய்ச்சும் புல்தைலமும் சந்தையில் இடம்பெற்றுள்ளது. கையில் எடுத்துக் காட்டத்தக்க பொருளாதலின் அதற்கு விலையும் உண்டு. மருந்தறிவோ கண்ணுக்குப் புலப்படாதது. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் பல்லுயிர் சார்ந்த மரபறிவில் காடுவாழ் சமூகங்களுக்குக் கூட்டுரிமை உண்டென்று கூறுகின்றது. ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும் என்பதும் விதியாகும். இவ்வுரிமை நிலைநிற்க வேண்டுமாயின், அறிவு அம்மக்களின் பெயரால், அவர்தம் சொல்லால் பதிவாகியிருத்தல் வேண்டும். தமிழோடு நெருங்கிய அச்சொற்களைப் பிழையின்றி எழுதத் தகுதி வாய்ந்தோர் தமிழ் ஆய்வாளரே. அவ்வாய்ப்பைத் தமிழ்த்துறைகள் பட்டியலில் செலவிட்டன என்பது வருந்தத்தக்கது.

ஆதலின் இனிவரும் ஆய்வுகளில் சில நெறிகள் வேண்டப்படுகின்றன. குடியின் தலைவரிடமும் மருந்து சொல்பவரிடமும் ஆய்வின் நோக்கத்தை அவர்தம் மொழியில் விளக்கி இசைவு பெறுதல் முதலாவது. வெளியிடத்தக்கது இது, குடிக்குள் இருக்கவேண்டியது இது என்னும் வரையறையை அவர்களே செய்ய விடுதல் இரண்டாவது. மறைக்க விரும்பிய பெயரை எழுதாது விடுதல் ஆய்வின் குறையாகாது. குடிப்பெயரைத் தலைச்சொல்லாகக் கொண்டு, நிகண்டுப் பெயரையும் தாவரவியல் பெயரையும் அதன்கீழ் அமைத்தல் மூன்றாவது. ஒவ்வொரு செய்தியையும் சொன்னவரின் விருப்பப்படி அவர் பெயரோடோ குடிப்பெயரோடோ இணைத்தல் நான்காவது. நூலோடு ஒப்பிடுமிடத்து ஒற்றுமை, வேற்றுமை இரண்டையும் தனித்தனியே காட்டி, ‘ஒன்றே’ என்னும் சொல்லைத் தக்க சான்றின்றி வழங்காதிருத்தல் ஐந்தாவது. முடிந்த ஆய்வேட்டின் படியைக் குடிக்கு அளித்துப் படித்துக் காட்டுதல் ஆறாவது.

முடிவுரை

முதுவர் குடிகளில் இளந்தாரிமடமும் குமரிமடமும் இளையோர் கூடியிருந்து தம் மரபைக் கற்ற இடங்களாக விளங்கின. பள்ளியும் விடுதியும் அவ்விடத்தைப் பெற்றுவரும் நிலையில், மூத்தோரிடமிருந்து இளையோருக்குச் செல்லும் வழி சுருங்குவது இயல்பு. எழுதாவிடின் அறிவு மறையும். எழுதும் முறை தவறின் அறிவு இருந்தும் உரியவர் கையை விட்டு அகலும். இவ்விரு இடர்களுக்கும் இடையே நிற்பது நாட்டார் மருத்துவ ஆய்வாளரின் பணி. இட்டி அச்சுதனின் சான்றுரையை 1675இல் அவர் எழுத்திலேயே பெற்று அச்சிட முடிந்ததெனின், மறையூர்க் குடியின் அறிவை அதற்குரியோர் பெயரால் எழுதுவது இன்றைய தமிழாய்வுக்கு அரிதன்று. எத்தனை மூலிகைகள் திரட்டப்பட்டன என்னும் எண்ணிக்கையைவிட, திரட்டப்பட்டது எவருடையதாக எழுதப்பட்டது என்பதே இனி இவ்வகை ஆய்வின் தரத்தை அளக்கும் கோலாகக் கொள்ளப்பட வேண்டும்.